ஏழேகாலுக்கு வரும் கோச்

எங்கள் தெரு முனையில் ஒரு பஸ் நிறுத்தம் இருக்கிறது. போன வருடம் கோடையில், சில நாட்கள், காலை ஏழு மணிக்கே அங்கே இரண்டு பேர் நிற்பார்கள். ஒருவர் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. எண்பதை நெருங்கும் ஆங்கிலேயப் பெண்மணி, தனியாக இருக்கிறார். இன்னொருவர் என் அம்மா. பாளையங்கோட்டையிலிருந்து ஆறு மாத விசாவில் இங்கிலாந்தில் நாங்கள் இருக்கும் லெஸ்டருக்கு வந்தவர். பருத்திப் புடவைக்கு மேல் என்னுடைய பழைய மழைக்கோட்டு, காலில் சாக்ஸும் ஷூவும், கையில் சாப்பாட்டுப் பை. கோச் ஏழேகாலுக்குத்தான் வரும். ஆனாலும் ஏழுக்கே போய் நின்றால்தான் இரண்டு பேருக்கும் மனசு ஆறும்.

இங்கே பஸ் வேறு, கோச் வேறு. ஊருக்குள் ஓடுவது பஸ். உயரமான சீட்டும் அடியில் சாமான் வைக்கும் அறையுமாக வெளியூர் போகிற வண்டி கோச். கோடையில் இந்த கோச்சில் ஏறிக் காலையில் ஓர் ஊருக்குப் போய், நாலைந்து மணி நேரம் சுற்றிவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். ஒரு வாரம் சந்தை ஊர், ஒரு வாரம் பெரிய நகரம், ஒரு வாரம் கடற்கரை. டே ட்ரிப் என்றால் இங்கே இதுதான். இங்கிலாந்தில் பதினைந்து வருடம் இருந்தும் நான் ஒரு தடவைகூட அப்படிப் போனதில்லை. வீட்டில் கார் இருந்தது, தேவைப்படவில்லை. வயதானவர்கள் சமாசாரம் என்று விட்டுவிட்டேன். அதன் அருமை அம்மா வந்த பிறகுதான் தெரிந்தது.

அம்மா ஏப்ரல் நடுவில் வந்தார். நானும் கணவரும் காலையில் வேலைக்குப் போனால் திரும்ப ஆறு மணி. அதுவரை அம்மா முன்னறை ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். ஊரில் தனியாக பஸ் ஏறி திருச்செந்தூர் போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்புகிறவர் அவர். இங்கே கடைக்குப் போகக்கூட என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார். எங்காவது போகலாமா என்று நான் கேட்டால், "உனக்கு எதுக்குட்டி அலைச்சல்" என்பார். சனி, ஞாயிறு எனக்குக் கிடைக்கும் ஓய்வு, அதைக் கெடுக்கக் கூடாது என்று அவருக்கு. காரில் கூட்டிப்போனாலும் நான் எப்போது கிளம்பலாம் என்பேனோ என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பெற்ற தாய் என் வீட்டில் விருந்தாளி மாதிரி இருப்பதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மே மாதம் பக்கத்து வீட்டுப் பெரியம்மா கதவைத் தட்டினார். கையில் கோச் ட்ரிப் பிரோஷர் ஒன்று, அதில் பேனாவால் சுழித்த நாலைந்து தேதிகள். வழக்கமாகக் கூட வருகிற தோழிக்கு இடுப்பு ஆபரேஷன், இந்த வருடம் வர முடியாது, உன் அம்மா வருவாரா என்று கேட்டார். அம்மாவைப் பார்த்து, "ஆல் ரைட், மி டக்?" என்றார். அவர் போன பிறகு அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவிய என்னைய வாத்துன்னா சொல்லுதாவ?" என்று கேட்டார். லெஸ்டர், நாட்டிங்காம் பக்கமெல்லாம் பிரியமாகக் கூப்பிடுவது அப்படித்தான், நம்ம பக்கத்தில் 'என் ராசாத்தி' என்பது மாதிரி என்றேன். அன்றிலிருந்து அம்மாவுக்கு அவர் அக்கா.

இந்த டே ட்ரிப்புகளை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் உள்ளூர்க் குடும்பங்கள். சில கோச்சுகள் வைத்திருப்பார்கள். பள்ளிக்கூட நாட்களில் அதே வண்டிகள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓடும். பள்ளி விடுமுறையில் வண்டியும் டிரைவரும் சும்மா நிற்காமல் இருக்க இது ஒரு வழி. கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு பிரோஷர் வந்துவிடும். நாங்கள் போன ட்ரிப்புகள் எல்லாம் ஆளுக்கு முப்பது பவுண்டை ஒட்டித்தான் இருந்தன. தெருவுக்குத் தெரு நிறுத்தி ஆள் ஏற்றுவார்கள். பெட்ரோல், பார்க்கிங், வழி தெரியாத கவலை எதுவும் நமக்கு இல்லை.

முதல் ட்ரிப்புக்கு நானும் லீவு போட்டுக்கொண்டு போனேன். டார்பிஷயர் மலைகளுக்கு நடுவில் இருக்கும் பேக்வெல். திங்கட்கிழமை சந்தை கூடும் ஊர். கோச்சில் ஐம்பது பேர் இருந்திருப்பார்கள், முக்கால்வாசிப் பேர் தலை நரைத்தவர்கள். வண்டி கிளம்பியதும் டிரைவர் மைக்கில் வணக்கம் சொல்லிவிட்டு, பெல்ட் போடுங்கள், சூடான சாப்பாடு வண்டிக்குள் வேண்டாம், திரும்பக் கிளம்புவது நாலரை, நாலரை என்றால் நாலரைதான் என்றார். எனக்கு எங்கள் ஊர் மினி பஸ் கண்டக்டர் ஞாபகம் வந்தது.

பேக்வெல்லில் அம்மா முதலில் போய் நின்றது துணிக்கடையில். கூடாரத்துக்குக் கீழே ஒரு நீள மேசை, அதன் விளிம்பில் ஆணியடித்த பித்தளைப் பட்டை. அதில் வைத்துத்தான் துணியை அளக்கிறார்கள். பூப்போட்ட ஒரு துண்டுத் துணியை அம்மா எடுத்துக் காட்டினார். கடைக்காரர் துணியைப் பட்டையில் நீட்டி, கோடு வந்த இடத்தில் நிறுத்தி, அப்புறம் ஒரு கட்டை விரல் அளவு தள்ளிப் பிடித்து வெட்டினார். அம்மாவின் கண் அந்த விரலிலேயே இருந்தது. "பாத்தியா, கை தாராளம்" என்றார் என்னிடம். அங்கிருந்து அவர் நடையே மாறிவிட்டது. பாலாடைக்கட்டி, நாற்றுச் செடி, கத்தி சாணை, முட்டை என்று கடை கடையாக நின்று விலை கேட்டார். பேசியது பாதி தமிழ், பாதி விரல். மேலப்பாளையம் செவ்வாய்ச் சந்தையைப் பார்த்து வளர்ந்தவருக்குச் சந்தையில் மொழி எதற்கு? அந்த ஊரின் பெயர் பெற்ற பேக்வெல் புட்டிங்கையும் வாங்கிச் சாப்பிட்டோம். மெல்லிய அடுக்கு மாவின் மேல் பழ ஜாம், அதற்கு மேல் முட்டையும் பாதாமும் சேர்ந்த கலவை. நல்லாத்தான் இருக்கு, ஆனா நம்ம அல்வா மாதிரி தொண்டையில வழுக்கிட்டுப் போகலை என்பது அம்மாவின் தீர்ப்பு.

இந்தச் சந்தை ஊர்களைப் பற்றி நான் படித்த ஒரு விஷயம் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் பிராக்டன் என்ற ஆங்கிலேயச் சட்ட அறிஞர், ஒரு சந்தைக்கும் அடுத்த சந்தைக்கும் இடையே எவ்வளவு தூரம் வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார். அவர் கணக்கு 6⅔ மைல். மனிதன் ஒரு நாளில் 20 மைல் நடப்பான். அதை மூன்றாகப் பிரி. காலையில் ஒரு பங்கு சந்தைக்குப் போக, நடுவில் ஒரு பங்கு வாங்க விற்க, மிச்சம் ஒரு பங்கு வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்ப. ராத்திரியில் வழிப்பறித் திருடர் பயம். அதனால் எல்லாம் பகலுக்குள் முடிய வேண்டும். இதைப் படித்தபோது எனக்கு கோச்தான் ஞாபகம் வந்தது. காலையில் இரண்டு மணி நேரம் போக, நடுவில் நாலைந்து மணி நேரம் ஊருக்குள், சாயங்காலம் திரும்ப. தூரம் கூடியிருக்கிறது, நாளின் அமைப்பு அதேதான்.

அந்த மூன்றாவது பங்குதான் அம்மாவை வீட்டை விட்டுக் கிளம்ப வைத்தது என்பேன். ராத்திரி தன் படுக்கையில் படுக்கலாம், மாத்திரை டப்பா முழுவதையும் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், மகள் வீட்டில் விளக்கேற்ற ஆள் இல்லாமல் போகாது. இரண்டு நாள் ஹோட்டலில் தங்கிச் சுற்றிப்பார்க்கலாம் என்று நான் எத்தனையோ தடவை கூப்பிட்டு வராதவர், இதற்கு மட்டும் உடனே சரி என்றார்.

உலகத்தில் சுற்றுலாத் தொழில் இவ்வளவு பெரிதாக வளர்ந்ததற்கும் ஒரு டே ட்ரிப்தான் தொடக்கம். அதுவும் எங்கள் லெஸ்டரில். 1841 ஜூலை 5 அன்று தாமஸ் குக், மதுவிலக்குக் கூட்டத்துக்காகச் சுமார் 500 பேரை லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ரயிலில் கூட்டிப்போனார். போக வரக் கட்டணம் ஒரு ஷில்லிங். தூரம் 11 மைல்தான். போய்க் கூட்டம் முடித்து அன்றைக்கே திரும்பிவிட்டார்கள். லெஸ்டர் ரயில் நிலையத்துக்கு வெளியே அவருக்குச் சிலை இருக்கிறது. அதைக் கடந்து எத்தனையோ தடவை ஓடியிருக்கிறேன், நின்று பார்த்தது அம்மாவோடுதான்.

ரயில் போன இடத்துக்கு ஏன் கோச் வந்தது என்று கேட்டால், முதல் உலகப் போர் முடிந்து ராணுவ லாரிகள் மலிவாக விற்பனைக்கு வந்ததைச் சொல்ல வேண்டும். வாங்கியவர்கள் வார நாட்களில் சரக்கு ஏற்றினார்கள். விடுமுறை நாளில் பின்பகுதியைக் கழற்றிவிட்டு, வரிசையாக பெஞ்ச் வைத்த கூடு ஒன்றை மாட்டி ஆள் ஏற்றினார்கள். அதற்கு ஷராபாங் என்று பெயர். மேலே கூரை கிடையாது. திடமான ரப்பர் சக்கரம் போட்ட வண்டிக்கு மணிக்கு 12 மைல் வேகம்தான் அனுமதி. அப்புறம் 1938-இல் சம்பளத்தோடு விடுமுறை தரும் சட்டம் வந்தது. பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் அப்பா காலுறை நெய்யும் ஆலையில் வேலை பார்த்தவர். லெஸ்டரில் அப்போது அதுதான் பெரிய தொழில். கோடையில் ஆலைகள் ஒரே சமயத்தில் மூடும், ஊரே காலியாகிக் கடலுக்குப் போகும், எங்கள் தெருக்காரர்களைத்தான் அங்கே மணலிலும் பார்ப்போம் என்று அவர் சொல்வார்.

ரயில் போகாத இடங்களும் பின்னால் நிறைய ஆகிவிட்டன. 1963-இல் பீச்சிங் அறிக்கை என்று ஒன்று வந்து, நஷ்டத்தில் ஓடுகிறது என்று சொல்லி ஊர் ஊராகத் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். பேக்வெல் நிலையம் 1967-இல் மூடியது. நார்ஃபக் கடற்கரையில் இருக்கும் ஹன்ஸ்டன்டனுக்குப் போன பாதை 1969-இல் போனது. கார் ஓட்டத் தெரியாதவர், கண் மங்கி லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தவர், காரோட்டிய கணவரை இழந்தவர், இவர்களெல்லாம் அந்த ஊருக்கு எப்படிப் போவார்கள்? கோச்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்களை எண்ணிப் பார்த்தால் இந்த மூன்றில் ஒன்றில் வருவார்கள்.

இரண்டாவது ட்ரிப்புக்கு எனக்கு லீவு கிடைக்கவில்லை. ஜூலை மாதம், ஸ்கெக்னஸ். லிங்கன்ஷயரின் கிழக்குக் கடற்கரை, எங்களிடமிருந்து ஏறக்குறைய 80 மைல். முதல் நாள் ராத்திரியே அம்மா புளிச்சாதம் கிளறி ஆற வைத்தார். தயிர்சாதத்துக்குப் பாலைக் கூட ஊற்றி உறை குத்தினார், மத்தியானத்துக்குள் புளிக்காமல் இருக்க. உருளைக்கிழங்கு வறுவல் ஒரு டப்பாவில். சூடான சாப்பாடு கூடாது என்று டிரைவர் சொன்னதைக் கேட்டு, "கட்டுச்சோத்த எவன் சூடா திம்பான்" என்று கேட்டார்.

அன்று நடந்ததை இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அதனால் நேரில் பார்த்தது மாதிரியே இருக்கிறது. ஸ்கெக்னஸ் கரை மிகவும் தட்டையானது. வற்று நேரத்தில் கடல் எங்கோ போய்விடும். அம்மா போய் இறங்கியபோது மணல்தான் தெரிந்தது. திருச்செந்தூரில் கோயிலை விட்டு வெளியே வந்தால் அலை காலில் விழும். இங்கே "கடல் எங்க போச்சு?" என்று கேட்டிருக்கிறார். காற்று மட்டும் ஆளைத் தூக்குகிறது. அந்தக் காற்றையே விளம்பரமாக்கிய ஊர் அது. 1908-இல் ரயில் கம்பெனிக்காக ஜான் ஹாசல் என்ற ஓவியர், குண்டு மீனவர் ஒருவர் கரையில் துள்ளிக் குதிப்பதை வரைந்து, ஸ்கெக்னஸ் காற்று உடம்புக்கு அத்தனை புத்துணர்ச்சி என்ற பொருளில் ஒரு வரி சேர்த்தார்கள். ஓவியருக்குக் கூலி 12 கினி, அதாவது பன்னிரண்டரைப் பவுண்டை ஒட்டி. அந்த மீனவர்தான் இன்றைக்கும் ஊருக்கு அடையாளம்.

சாப்பிட்டு முடித்ததும் பெரியம்மா முழங்கால் வலி என்று மணிக்கூண்டுப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அம்மா கடலைத் தொடாமல் திரும்பக் கூடாது என்று கிளம்பிவிட்டார். ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஈர மணலில் நடந்திருக்கிறார். போகப் போகக் கடல் தள்ளிப் போவது மாதிரி இருந்ததாம். ஒரு வழியாகத் தண்ணீர் காலில் பட்டதும், ஊர் வழக்கப்படி குனிந்து மூன்று தடவை தலையில் தெளித்துக்கொண்டார். நிமிர்ந்து பார்த்தால் கரையில் எல்லாக் கட்டடமும் ஒரே மாதிரி. எந்தப் பக்கம் வந்தோம் என்று தெரியவில்லை. கையில் போன் இல்லை, அது சாப்பாட்டுப் பையில்.

கிளம்பும் நேரம் வந்துவிட்டது. டிரைவர் தலை எண்ணிவிட்டார், ஓர் ஆள் குறைவு. அவருக்கும் நெருக்கடி உண்டு. கோச் ஓட்டுகிறவர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும், பொதுவாக ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. எல்லாம் வண்டியில் இருக்கும் கருவியில் பதிவாகும். ஐந்து நிமிடம் பார்த்தார், பத்து நிமிடம் பார்த்தார். அப்போது பெரியம்மா எழுந்து போய் வாசல் படியில் நின்றுகொண்டார். ஒரு கால் படியில், ஒரு கால் தரையில். கதவை மூட முடியாது. முழங்கால் வலிக்காரர், கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றிருக்கிறார். மணிக்கூண்டை அடையாளம் பிடித்து, ஈரப் புடவையோடு, கையில் ஷூவோடு அம்மா ஓடி வந்தபோது கோச்சில் எல்லாரும் கை தட்டினார்களாம். "எனக்கு அழுகை வந்துட்டுட்டி" என்றார் அம்மா. பெரியம்மா சொன்னது வேறு. உன் அம்மா வந்ததும் முதல் வேலையாக டிரைவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார், அந்த மனிதர் என்ன செய்வதென்று தெரியாமல் தானும் கும்பிட்டார் என்றார்.

அதற்குப் பிறகு நான் கூடப் போக வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. லிங்கனுக்குப் போனார்கள். ரோமானியர் போட்ட ஃபாஸ் சாலை லெஸ்டரிலிருந்து ஏறக்குறைய நேர்கோடாக அங்கே போகிறது. அதன் மேல்தான் பெரும்பாலும் இன்றைய சாலையும். செங்குத்துச் சாலை என்றே பெயர் வைத்த ஏற்றத்தில் நாலு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து கதீட்ரலுக்கு ஏறினார்களாம். அதன் நடுக் கோபுரத்தின் மேலிருந்த கூம்பு 1548-இல் விழுந்துவிட்டது என்று யாரோ சொல்ல, மறுபடி கட்டாமலா விட்டாங்க என்று அம்மாவுக்கு ஆற்றாமை. கும்பாபிஷேகம் பண்ணியிருக்கணும் என்றார். யார்க்குக்கும் போனார்கள், அன்று முழுக்க மழை.

ஒரே ஒரு நாள்தான் இரண்டு பேரும் முகம் வாடித் திரும்பினார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். சந்தைத் திடலுக்குப் பக்கத்தில் இருந்த கோச் நிறுத்தத்தை எடுத்துவிட்டு ஊரின் ஓரத்துக்கு மாற்றியிருந்தார்கள். அங்கிருந்து திடலுக்குக் கால் மணி நேர நடை, நடுவில் ஒரு மேடு. பொதுக் கழிப்பறைக்கும் பூட்டு. பெரியம்மாவால் நடக்க முடியவில்லை. ஒரு சூப்பர்மார்க்கெட் வாசல் பெஞ்சில் நாலு மணி நேரமும் உட்கார்ந்திருக்கிறார். தனியாகப் போய்வா என்று அவர் சொல்லியும் அம்மா போகாமல் கூடவே உட்கார்ந்திருக்கிறார். இதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. ஒரு கோச் வந்தால் ஐம்பது பேர் ஊருக்குள் இறங்குகிறார்கள், டீ குடிக்கிறார்கள், சந்தையில் சாமான் வாங்குகிறார்கள். வண்டியை இரண்டு நிமிடம் திடலோரம் நிறுத்தி ஆளை இறக்கிவிட இடம் கொடுப்பதில் அந்த ஊருக்கு என்ன குறைந்துவிடும்? வயதானவருக்கு அந்தக் கால் மணி நேர நடைதான் ஊருக்குள் போவதா வெளியே இருப்பதா என்பதைத் தீர்மானிக்கிறது. கவுன்சிலுக்குக் கடிதம் எழுதினேன். பதில் வந்தது, நிறுத்தம் மாறவில்லை.

கடைசி ட்ரிப் அக்டோபர் முதல் வாரம், ஹன்ஸ்டன்டன். நானும் போனேன். கிழக்குக் கடற்கரை ஊராக இருந்தும் அது மேற்கே பார்த்து உட்கார்ந்திருக்கிறது. வாஷ் என்ற அகன்ற வளைகுடாவின் ஓரத்தில் இருப்பதால் அப்படி. சூரியன் கடலில் அஸ்தமிப்பதைப் பார்க்கலாம் என்று பெரியம்மா ஆசை காட்டியிருந்தார். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட பாறைச் சுவருக்குக் கீழே மூவரும் நடந்தோம். கோயில் மதில் மாதிரியே காவியும் சுண்ணாம்பும் என்று அம்மா அதைத் தொட்டுக் கும்பிட்டார். பெரியம்மா தன் சாண்ட்விச்சை நீட்டினார், அம்மா புளிச்சாதத்தை நீட்டினார். இது எப்போது ஆரம்பித்த பழக்கம் என்று எனக்குத் தெரியாது. யாரும் எதுவும் சொல்லாமல் டப்பாக்கள் கை மாறின.

கோச் ஐந்து மணிக்குக் கிளம்பிவிட்டது. சூரியன் அப்போது கடலுக்கு மேலே நன்றாக உயரத்தில் இருந்தது. அம்மாவுக்கு ஏமாற்றம், ஆனால் ஸ்கெக்னஸுக்குப் பிறகு டிரைவரிடம் நேரம் பேச அவருக்கு வாய் வராது. கிங்ஸ் லின் தாண்டியதும் சாலை ஃபென் சமவெளியில் மேற்கே திரும்பியது. மரம் அதிகமில்லை, மேடு இல்லை. வாய்க்கால்களும் கறுத்த உழவு நிலமும்தான். சூரியன் நேர் எதிரே, டிரைவர் கண்ணாடியின் நடுவில் நின்றது. அவர் வெயில் மறைப்பை இறக்கினார். வண்டிக்குள் எல்லார் தலையும் சிவந்து தெரிந்தது. பெரியம்மா அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தார். அம்மா அசையாமல் உட்கார்ந்து, சூரியன் வயலுக்குள் இறங்கி முடியும்வரை பார்த்துக்கொண்டே வந்தார். லெஸ்டர் நெருங்கியபோது டிரைவருக்காகத் தொப்பி சுற்றி வந்தது. அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பவுண்டு நாணயத்தைப் போட்டார்.

அம்மா ஊருக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது. போன வாரம் புது பிரோஷர் வந்தது. பெரியம்மா அதை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். வீடியோ அழைப்பில் அம்மாவுக்கு ஒவ்வொரு பக்கமாகப் பிடித்துக் காட்டினார். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இது கடலா, இது சந்தையா என்று கேட்டுக்கொண்டே வந்தார். விட்பி பக்கம் வந்ததும், அங்கே 199 படிக்கட்டு ஏறினால் மேலே பழைய மடாலயம் இருக்கிறது என்றேன். பெரியம்மா தன் முழங்காலைத் தட்டிக் காட்டித் தலையாட்டினார். நீங்க கீழ உக்காருங்க அக்கா, நான் மட்டும் ஏறிட்டு வாரேன் என்றார் அம்மா. நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். போன் கையில் இருக்க வேண்டும் என்று சொல் என்றார் பெரியம்மா.

நேற்று அவர் போய் ஜூன் மாதத்துக்கு இரண்டு சீட் எழுதிவிட்டு வந்திருக்கிறார். இடது பக்கம், நாலாவது வரிசை, ஜன்னலோரம் அம்மாவுக்கு. விசாவுக்கு இனிமேல்தான் விண்ணப்பிக்க வேண்டும்.